மேனேஜர் நிகழ்கணத்தில் இருக்கிறார்

எங்கள் மேனேஜர் ஏற்காட்டில் நடந்த தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியபோது கையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வந்தார். யாருக்கோ சீர் வைக்க வாங்கியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதை மேஜைமேல் வைத்து, ஒரு மரக்கட்டையால் விளிம்பில் தட்டினார். ங்ங்ங் என்று நீளமாக ஒரு சத்தம் கிளம்பியது. "இது அடங்கற வரைக்கும் எல்லாரும் இந்தக் கணத்துல இருங்கோ" என்றார். அதுவரை நாங்கள் எந்தக் கணத்தில் இருந்தோம் என்று அவர் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். திவ்யதேச யாத்திரைக்கு ஆள் சேர்த்து பஸ்ஸில் அனுப்புகிற கம்பெனி. போனை எடுப்பது, சீட் போடுவது, முழங்கால் வலிக்காரர்களுக்கு முன்வரிசை தருவது, ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடும் சம்பந்திகளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் எங்கள் வேலை. முதலாளி சென்னையில் இருக்கிறார். இங்கே மேனேஜர் வைத்ததுதான் சட்டம். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் திருமண் ஒரு நாளும் கோணாது. கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் பட்சணம் கொடுத்தனுப்புவார்.

ஆனால் ஏற்காடு அவரை என்னவோ செய்துவிட்டது. காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் ஒன்றாக ஆபீசில் இருக்கிற பன்னிரண்டு மணியாகப் பார்த்து, தினம் கிண்ணத்தைத் தட்டினார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். போன் அடித்தால் எடுக்கக் கூடாது. "சத்தம் வரும், போகும். வர விடுங்கோ, போக விடுங்கோ" என்பார். வந்தது, போயிற்று. லால்குடியில் ஒரு பெரிய குடும்பம் நாங்கள் எடுக்கவில்லை என்று வேறு டிராவல்ஸில் மொத்தமாக சீட் போட்டுக்கொண்டது. அதையும் அவர் போக விட்டார்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் என்னைவிட வயதில் மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். பொன்மலையில் வீடு, கணவருக்கு அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. தை மாதம் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த மனுஷர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். கால் மெல்லத் திரும்பியது, வலது கை திரும்பவில்லை. இப்போதே விடாமல் பயிற்சி கொடுத்தால் கை வரும், நாள் கடத்தினால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி செய்கிறவருக்குச் சாயங்காலம் ஐந்து மணிதான் ஒழியும். அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் கணவர் கையைத் தொடவே விடமாட்டார். வலிக்கிறது என்று கத்தி அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவுக்கோ இரவு எட்டு மணி வரை மதிய ஷிஃப்ட்.

காலை ஷிஃப்ட் என்னுடையது. மாற்றிக்கொள்ளலாம் என்று நானேதான் சொன்னேன். எனக்கென்ன, வீட்டில் சமையல் மாமியார். எட்டு மணிக்குப் போனால் இன்னும் நிம்மதி. ஆனால் நாங்களாக மாறிக்கொள்ள முடியாது, லாகின் திறக்காது. மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் அழுத்த வேண்டும். அதற்கு அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேருமாகப் போய் நின்றோம். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார். மேனேஜர் உள்ளங்கைகளை மேஜைமேல் விரித்து வைத்து, அக்காவின் புருவ மத்தியைப் பார்த்தபடி கேட்டார். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று ஏற்காட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"காலை ஷிஃப்ட் வேணும்ங்கறேள்."

"ஆமாங்க சார்."

"வேணும்னு தோண்றது உங்களுக்கு."

"தோணலைங்க சார். வேணும்."

"அந்தத் தோணலோட கொஞ்ச நேரம் இருங்கோ. தள்ளாதேங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நானும் சரின்னுட்டேன். நீங்க ஒரு சரி சொன்னாப் போதும்" என்றேன். அவர் பார்வையை என் புருவ மத்திக்கு மாற்றினார்.

"உங்க கோபத்தை நான் பாக்கறேன்மா."

"என் கோபத்தை எதுக்கு சார் பாக்கறீங்க? அக்காவைப் பாருங்க."

அவர் புன்னகைத்தார். உடனே பதில் சொல்கிறவன் சாதாரண ஆள், ஒரு மூச்சு நின்று சொல்கிறவன்தான் தலைவன் என்று விளக்கினார். சொல்லிவிட்டு நின்றார். நின்றவர் நின்றவர்தான். மாசி போய்ப் பங்குனி வந்தும் அந்த ஒரு மூச்சு முடியவில்லை.

நடுவில் அக்கா மறுபடியும் போய்க் கேட்டார். "ஞாபகம் இருக்கு, உங்களை முழுசா உள்வாங்கிண்டேன்" என்று பதில் வந்தது. உள்ளே வாங்கியதை எங்கே வைத்தாரோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். அக்கா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் விரல்களை மடக்கிக் காட்டினார். "இப்படியே மடங்கிக்கிதும்மா. நாம பிரிச்சு விட்டாலும் திரும்ப மடங்கிக்கிது. நேத்தும் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டாரு." எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் திருக்கோஷ்டியூருக்குப் போகிற பஸ் ஏசியா என்று கேட்டார். ஏசிதான் என்று சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. கிண்ணம் தட்டியாயிற்று, எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் பாதி மூடியிருந்தேன். அக்கா தோளில் பையோடு உள்ளே வந்து, தன் நாற்காலிக்குப் போகாமல், நேரே மேனேஜர் மேஜைமுன் நின்றார்.

"நான் போறேன் சார்."

மேனேஜர் சட்டென்று கண்ணைத் திறந்தார். ஏற்காட்டிலிருந்து வந்த பிறகு இன்னொருவர் பேசியது அவர் காதில் ஒழுங்காக விழுந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அப்பாடா, கேட்டுவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரங்கா, ரங்கா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன வார்த்தை இது? போறேன்னு சொல்லுவாளோ யாராவது? போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ."

"இல்லைங்க சார், நான் வந்து..."

"மொதல்ல அதைச் சொல்லுங்கோ."

அக்கா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. தோளிலிருந்த பையை ஏற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு, "போயிட்டு வரேன் சார்" என்றார்.

"ம். நன்னா இருங்கோ" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து ஓடினேன். மாடிப்படியில் அக்கா கையைப் பிடித்தேன். "என்னக்கா இது, திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா நான் போய்ச் சொல்றேன்" என்றேன். அக்கா கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார்: "வேணாம்மா. இதுக்கு மேல என்ன சொல்றது? அஞ்சு மணிக்கு பிசியோதெரபிக்காரர் வந்துடுவாரு. அதுக்குள்ள இவரைக் குளிக்க வெச்சு, சாதம் ஊட்டி, நல்ல வார்த்தை சொல்லி உக்கார வெக்கணும். குடும்பத்தை எப்படியோ இழுத்துப் புடிச்சுக்குவோம். கை போயிட்டா என்ன பண்றது?" கீழே பஸ் சத்தம் கேட்டதும் இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. மேனேஜர் கிண்ணத்தைத் தட்டக் கட்டையை எடுத்தவர், "எங்கே, அவா இன்னும் வரலையே?" என்றார்.

"வேலையை விட்டுட்டாங்க சார். வெள்ளிக்கிழமை உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க."

"எங்கிட்டயா? போயிட்டு வரேன்னுன்னா சொன்னா! நீங்களும்தான் கேட்டுண்டிருந்தேளே."

"நீங்க சொல்ல வெச்சீங்க சார்."

குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் கட்டையைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஓர் இடத்தில் அழுத்தினார். காலை ஷிஃப்டில் அக்காவின் பெயரும் மதிய ஷிஃப்டில் என் பெயரும் வந்து உட்கார்ந்தன. தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தானா இத்தனை நாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

"கூப்பிடுங்கோ. நாளைக்குக் காலைலேயே வரச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் மேஜையிலேயே போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அக்காவைக் கூப்பிட்டேன். அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தார். "அக்கா, சார் ஷிஃப்டை மாத்திட்டாரு. நாளைக்குக் காலைல வந்துடலாம்" என்றேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்ங்க" என்று அக்கா தன் கணவரிடம் சொல்வது கேட்டது. ஐந்து மணி வரை காத்திராமல் தானே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வலியில் ஓர் ஆண்குரல் முனகியது. பிறகு அக்கா போனுக்குப் பக்கத்தில் வந்து, மூச்சிரைக்கச் சொன்னார்:

"வெச்சுடும்மா. கட்டைவிரல் அசையுது. இப்ப நான் கண்ணை எடுக்க முடியாது."

போன் நின்றுவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தேன். உள்ளங்கைகளை விரித்து வைத்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எப்போ வராளாம்?" என்றார்.