அக்கா இல்லாமல் பார்த்த வீடு

மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கால் கெஞ்சியது. சீசன் நேரம், குற்றாலம் போகும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வரப்பு வழியாகப் போனால் பக்கம் என்று டீக்கடைக்காரர் சொன்னதை நம்பியது என் தப்பு. சாரலில் நனைந்து சேலை கனத்துப்போனது.

நான் தேடிப் போனது ஒரு பழைய பண்ணைவீடு. சின்ன வயதில் அக்காவும் நானும் அட்டை கிழியும்வரை படித்த சிறுவர் நாவல் அந்த வீட்டை வைத்து எழுதியதுதான். அதில் இரண்டு பிள்ளைகள் நெல் மூட்டை அடுக்கும் மேல்மச்சில் ஆட்டுக்குட்டியை ஒளித்துவைப்பார்கள். பெரியவர்களானதும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாகப் பேச்சு.

இப்போது ஐந்து வருடமாக எங்களுக்குள் பேச்சே இல்லை. அம்மா இறந்த அன்று பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். அக்காவின் கார் புளியங்குடியில் எலுமிச்சை லாரிகளுக்குப் பின்னால் நின்றது. நான் தலையாட்டிவிட்டேன். அவள் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மச்சைப் படமெடுத்து அனுப்பினால் ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சாவிக்கொத்தோடு வந்த வீட்டுக்கார அம்மாள், "ரூமா? எத்தன பேரு வந்திருக்கிய?" என்றாள். நாவலைச் சொன்னேன். அதைக் கேட்டும் ஆட்கள் வருவதுண்டாம், அவள் படித்ததில்லையாம். மச்சை இடித்து, குளிக்க வருகிறவர்களுக்காக இரண்டு ரூம் கட்டிவிட்டார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த குடும்பம் அருவியிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருக்கச் சொல்லி ஒரு ரூமைத் திறந்துவிட்டாள்.

பச்சை டைல்ஸ், நல்லெண்ணெய் வாடை, கொடியில் யாருடையதோ ஈரத்துண்டு. இதைப் படமெடுத்து யாருக்கு அனுப்ப? கட்டிலில் உட்கார்ந்தேன். வீம்பு பிடிக்கக்கூடத் தெம்பில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள்.

"எக்கா, அந்தப் பண்ணைவீட்டுக்கு வந்திருக்கேன். மச்சு இல்லக்கா, இடிச்சிட்டாங்க."

அக்கா கேட்டாள்: "இதுக்கும் எனக்காவ நிக்கலியாட்டி நீ?"

"நிக்கலக்கா. அன்னைக்கும் நின்னிருக்கணும்," என்றேன்.

கதவைத் தட்டினார்கள், குளிக்கப்போன குடும்பம் வந்துவிட்டதாம். போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து செருப்பை மாட்டினேன். அவளும் வைக்கவில்லை.