ஒரு பிடி மண்ணுக்குச் சம்மதம்

கண்டெய்னர் லொறிகள் போகிற வீதியில், நடப்பவர்களுக்கென்று ஒன்றும் விடாத ஓரத்தில், மெல்பேர்ணின் ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலைச் சப்பாத்து இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டிருந்தேன். பையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அதற்குள் சோறு இல்லை, மண் இருந்தது. மண் சோற்றைவிடப் பாரம். பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

அன்று காலைதான் உரக் கிடங்கில் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டியிருந்தார்கள். என்னை மட்டுமல்ல, தற்காலிகமாக வேலைக்கு நின்ற எல்லாரையும். எனக்குக் கோபம் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு கோழி வெட்டியிருக்கிறேன், திராட்சை பிடுங்கியிருக்கிறேன், சிட்னியில் ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். விசாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டித் தருவார்கள். வேலைகளும் அதற்குத் தக்கபடியே அமைந்தன. ஒரு குளிர்காலம் முழுக்க வான் வண்டிக்குள் படுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு ஊர் பார்க்கக் கிடைத்ததே பெரிது என்றுதான் நினைப்பேன்.

அந்தக் கிடங்குக்குக் கப்பலில் வருவது ராக் பாஸ்பேட். உரம் செய்கிற கல். ஆனால் பார்த்தால் கல் மாதிரி இருக்காது. அரித்தெடுத்த மணல்போல, வெளிறிய பழுப்பாக இருக்கும். சிந்துவதைக் கூட்டி அள்ளுவது என் வேலை. அங்கே அதை மண் என்று யாரும் சொல்வதில்லை, 'புரொடக்ட்' என்பார்கள். நான் ஒருதரம் மண் என்று சொல்ல, லோடர் ஓட்டுகிற தூத்துக்குடித் தம்பி சிரித்தான்.

"அண்ணே, மண்ணுன்னு சொல்லாதீங்க. மேனேஜருக்கு மனசு வலிக்கும்."

கப்பல் வருகிற நேரங்களில் வாசல் கேற்றடியில் ஐந்தாறு பேர் பதாகையோடு நிற்பார்கள். அவர்களில் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், பூப்போட்ட நீளத் துணியைத் தலையோடு சுற்றியிருப்பார். ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்த என்னிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. இது எந்த இடம் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என் காற்சட்டையைக் காட்டினார்.

"அதில் ஒட்டியிருக்கிறதே, அந்த இடம்தான்."

மேற்கு சகாரா. அரை நூற்றாண்டுக்கு முன் மொரோக்கோ படையோடு வந்து பிடித்த நாடு. சனம் பாலைவனத்தைக் கடந்து அல்ஜீரியாவுக்கு ஓடியது. ஓடியவர்களில் இவருடைய தாயும் ஒருவர். இவர் அப்போது வயிற்றில். அகதி முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி மெல்பேர்ண் வந்தவர். தன் நாட்டில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மண்ணைத் தோண்டிக் கடலுக்குக் கொண்டுபோகிற நீளமான பெல்ட்டைப் படத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போது என் சட்டைக் கையிலும் தூசி இருந்தது. அதைத் தொடப்போவது போல விரலை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன்.

எங்கள் வீடும் மன்னார்க் கரையில் கடற்படை முகாமுக்குள் போனதுதான். கம்பிவேலிக்கு வெளியே நின்று கூரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அதை அவருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றேன். அது என்ன சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைத் தம்பி என்றார்.

அந்தத் தாளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குப் புரியவில்லை. தூத்துக்குடித் தம்பியிடம் காட்டினேன்.

"கன்சென்ட். சம்மதம்ணே. கல்யாணத்துக்குப் பொண்ணுகிட்ட கேப்பாங்கல்ல, அது."

"இதில ஆரிட்டக் கேக்க வேணும்?"

"அந்த ஊர் ஜனங்ககிட்ட. அவங்க சம்மதிக்காம அங்கேருந்து எதையும் எடுத்து விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. பொண்ணைக் கேக்காமலே தாலி கட்டிட்டானுங்க, நாமதான் மொய் வெச்சுக்கிட்டு இருக்கோம்." பிறகு கேற்றை எட்டிப் பார்த்தான். "ஆனா நாலு பேரு போர்டு புடிச்சு நின்னா கப்பல் திரும்பிடுமாண்ணே?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அக்காவிடமே கேட்டேன். கேற்றடியில் நிற்பது சின்ன வேலை என்றார். ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்கிற நிறுவனங்களிடம் போவார்கள், இந்தக் கம்பனியில் ஏன் காசு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள். கன்பராவுக்குப் போய் எம்பிமாரைச் சந்திப்பார்கள். உரம் வாங்குகிற விவசாயிகளிடமும் போயிருக்கிறார்கள். பெரிய நாடுகள் சில மொரோக்கோவின் பக்கம் சாய்ந்துவிட்டன. இருந்தாலும் ஒவ்வொரு கம்பனியாக வாங்காமல் விட்டால் நாட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அவர்களுக்கு வருகிற வருமானம் குறையும், அப்போதாவது பேச வருவார்கள் என்றார். அக்கா கிரெய்கிபர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறவர். பூசணிக்காய் வெட்டிவிட்டு எம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

கப்பல் திரும்பவில்லை. ஆனால் நான் சொன்ன அந்தக் காலையில் மேனேஜர் எங்களைக் கூட்டி நிறுத்தி, இனிமேல் அந்த இடத்துச் சரக்கு வாங்குவதில்லை, வேறு நாட்டிலிருந்து வரும், அதுவரை தற்காலிக ஆட்கள் தேவையில்லை என்றார். காரணம் சொல்லவில்லை. கடைசி வேலையாகக் கிடங்கைக் கழுவச் சொன்னார்கள்.

லோடர் வழித்து எடுத்த பிறகும் சுவர்ப் பலகைகளின் இடுக்கில் பழைய மண் இறுகிக் கிடந்தது. தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து, கையால் சுரண்டி அதற்குள் போட்டேன். தூத்துக்குடித் தம்பி லோடரை நிற்பாட்டினான்.

"என்னண்ணே, மண்ணைத் திங்கப் போறீங்களா?"

"ஓம். வீட்டில கறி இல்லை."

அவன் இறங்கி வந்து பார்த்தான். யாருக்கென்று விளங்கிவிட்டது. "அந்த மூலையில எடுங்க, ஈரம் படல," என்றான். நான் மூடும்வரை அவன் லோடரை ஓட்டவில்லை.

இப்படித்தான் அந்த மண் என் பைக்குள் வந்தது. நோர்த் மெல்பேர்ணில் இறங்கி, கிரெய்கிபர்ன் ரயில் ஏறி, அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர பின்னேரம் நாலு மணி ஆகிவிட்டது. கம்பனி நிறுத்திய செய்தி அவருக்கு ஏற்கனவே தெரியும். கதவைத் திறந்தவுடன் முகம் முழுக்கச் சிரிப்பு. என் தோளில் சப்பாத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உன் வேலை என்னால்தான் போனது."

"அந்த வேலையே உங்களுடைய மண்ணில்தானே அக்கா இருந்தது," என்றேன். கதிரையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். "உங்களுக்குத்தான்."

மூடிக்கு மேலாலேயே என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"தம்பி, யாரைக் கேட்டு எடுத்தாய்?"

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. இத்தனை வருடமாக ஒரு துகள்கூட எங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று எல்லா வாசலிலும் நின்று சொல்லிவிட்டு, இதை மட்டும் எப்படி வாங்குவேன் என்றார். சொல்லும்போது பார்வை பெட்டியை விட்டு நகரவில்லை. அன்று விரலை மடக்கியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுவிவிட்ட கிடங்கில் இனி ஒன்றும் இல்லை. இவர் வேண்டாம் என்றால், தன் நாட்டை இவர் தொடாமலே போவார்.

"எடுத்தது பிழைதான்," என்றேன். "இப்ப கேட்கத்தான் வந்திருக்கிறன். சம்மதம் தருவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எங்களை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை," என்றார். பிறகு, "நான் மட்டும் தர முடியாது. நான் ஒருத்தி நாடு இல்லை."

ஃபோனை எடுத்தார். அங்கே முகாமில் விடிந்துகொண்டிருந்தது. முதலில் அவருடைய சொந்தத் தம்பியார் எடுத்தார். அவர் அயல் வீட்டுக் கிழவரைக் கூப்பிட்டார். பின்னால் பெண்களின் குரல் கேட்டது. அக்கா எனக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"யார் அவன் என்று கேட்கிறார்கள். இலங்கைத் தமிழன் என்றேன். கம்பனியின் ஆளா என்கிறார்கள்."

"வேலையை விட்டு நிற்பாட்டியாச்சு என்று சொல்லுங்கோ."

சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு.

"எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஒரு பிடி என்றேன். யாருடைய பிடி என்கிறார் கிழவர். அவருக்கு எல்லாம் சரியாகத் தெரியவேண்டும்."

நான் என் கையை விரித்துக் காட்டினேன். அக்கா சிரித்தபடி ஏதோ சொன்னார். உடனே ஒரு பெண் ஃபோனுக்குள் சத்தம் போட்டார்.

"என் மச்சாள். அப்படியே மிச்சக் கப்பல்களையும் கொண்டுவந்து கேட்கச் சொல் என்கிறாள்."

பிறகு வாக்குவாதம் நடந்தது. நீளமாக நடந்தது. ஒருத்தர் கூடாது என்றார், கள்ளப் பொருள் கள்ளப் பொருள்தான் என்று. இன்னொருத்தர், அது வீட்டுக்குத் திரும்பி வந்த பொருள் என்றார். அக்கா தேத்தண்ணி ஊற்றினார், சீனி அதிகம் போட்டு, ஒன்று முடிய இன்னொன்றாக. எனக்குப் பசித்தது. என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்ததை வைத்துத்தான் ஒரு கண்டத்துக்கு அப்பால் வழக்கு நடந்தது. கிழவர் கடைசியாக ஏதோ சொன்னார். மற்றவர்கள் அடங்கினார்கள்.

அக்கா ஃபோனை மேசையில் வைத்தார்.

"சம்மதமாம். விற்கக் கூடாது, அதில் எதையும் நட்டு வளர்க்கக் கூடாது. வைத்திருக்கலாம். போகக்கூடிய நாள் வந்தால் கொண்டுபோய் அங்கேயே போடவேண்டும்."

மூடியை நானே திறந்து கொடுத்தேன். அவர் கையை மண்ணுக்குள் விட்டார். விரல்களை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குளிராக இருக்கிறது," என்றார் மெல்ல. "சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்."

"மெல்பேர்ணுக்கு வந்தால் எல்லாம் குளிரும் அக்கா."

அழுதபடியே சிரித்தார். ஃபோன் இன்னும் வெட்டுப்படவில்லை. மச்சாள், எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்ல அக்கா ஒரு கையால் ஃபோனை எடுத்தார், மற்றக் கையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பெட்டியைத் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம், வேறு வாங்குவேன் என்றேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். மில்டூராப் பக்கம் பழம் பிடுங்கப் போகலாம் என்று நினைத்திருந்தேன், அதைச் சொன்னேன். எழும்பிக் கையைக் கழுவப் போனவர், கழுவாமலே திரும்பி வந்து, தன் குசினி மேலாளருக்கு ஃபோன் எடுத்தார். அங்கே பாத்திரம் கழுவுகிற ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டாராம்.

மறுநாள் விடிய அந்த முதியோர் இல்லத்தின் குசினியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றேன். தட்டுகளை மெஷினில் அடுக்கப் பழக்கினார்கள். அது முடிய, பல் இல்லாதவர்களுக்காக அவித்த பூசணிக்காயை மசிக்கத் தந்தார்கள். கட்டி இருந்தால் தொண்டையில் சிக்கிவிடும், விரலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து மசி என்று அக்கா சொன்னார்.