சத்தம் போடாத ஆப்

நல்ல ஆப் எது என்று கலைமணிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் அதை அழித்தாள்.

நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது வெள்ளியங்கிரிக் கவுண்டரின் கோழிப்பண்ணை. அதில் குஞ்சு ஷெட்டுக்குப் பொறுப்பு கலைமணியின் கணவன் சிவபிரகாஷ். பொரித்த மறுநாளே வந்து இறங்கும் குஞ்சுகளை முட்டையிடும் பருவம் வரை வளர்த்துக் கொடுக்க வேண்டும். குடியிருக்கக் கவுண்டர் கொடுத்த வீடு ஷெட்டை ஒட்டியே நின்றது. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். வெளியாட்கள் வந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பண்ணைக்குள் யாரையும் விடுவதில்லை. அதனால் அவர்கள் மகள் அபிநயாவோடு விளையாட ஒரு பிள்ளையும் வந்ததில்லை.

விளையாட ஆளில்லாத பிள்ளை ஒருநாள் சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, தட்டியபடியே ஷெட்டின் கம்பிவலை ஓரமாக ஓடியது. மிரண்ட குஞ்சுகள் ஒரே மூலைக்குப் பாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சிவபிரகாஷ் உள்ளே ஓடி வாரி வாரி விலக்குவதற்குள் அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. கோணிப்பையில் அள்ளி வைத்ததைக் கவுண்டர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை.

"ஏம்ப்பா சிவா, நீ குஞ்சு வளத்தறயா, கொளந்தை வளத்தறயா? ரெண்டும் ஒரே எடத்துல ஆவாது. பாத்துக்க."

அன்று சாயங்காலமே சிவபிரகாஷ் தன் பழைய செல்போனைத் துடைத்து மனைவியிடம் கொடுத்தான். "இதக் குடுத்துப் புள்ளைய அமத்தி வெய்யி, கலை. சத்தத்தச் சுத்தமாக் கொறச்சுப் போடு."

ஊமைப் பொம்மைப்படங்கள் ஓடின. பிள்ளை அடங்கியது. கலைமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. பன்னிரண்டாவது முடித்து நர்சிங் சேர விண்ணப்பம் வாங்கியவள் அவள். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பார்ப்பதுதான் பார்க்கிறாள், நாலெழுத்தாவது படிக்கட்டும் என்று ஆப் தேட ஆரம்பித்தாள்.

முதலில் அகப்பட்டது கிளி. ஒரு படத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, "இப்ப நீ சொல்லு" என்று அந்தக் கிளி காத்திருக்கும். குரல் மெலிதாக இருந்தால் காதில் இறக்கையை வைத்து, "கேக்கலையே! இன்னும் சத்தமா!" என்னும். பணம் கேட்கவில்லை, நடுவில் விளம்பரம் வரவில்லை. அபிநயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து நின்று, வயிற்றை எக்கி, "ஆடு!" என்று கத்தினாள்.

பக்கத்து ஷெட்டில் ஓயாமல் கேட்கும் கீச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த நொடி சிவபிரகாஷ் வாசலில் நின்றான். வெளிறிப்போன முகத்தோடு ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டினான். கலைமணி கிளியை அழித்தாள்.

பிறகு வந்தவற்றில் ஒன்று, இரண்டு பாடத்துக்கு நடுவே ரம்மி ஆடக் கூப்பிட்டது. ஒன்று நாலாம் பாடத்தில் கடைக்காரனைப் போலக் காசுக்குக் கைநீட்டியது. ஒன்றில் விடை சரியோ தப்போ பலூன் வெடித்தது. பிள்ளை பலூனுக்காகவே கண்டதையும் தொட்டாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. எல்லாமே விரல் வேலை. ஆட்டின் படத்தை இழுத்துப்போய் 'ஆ'வின் மேல் விட்டால் நட்சத்திரம் விழும். தப்பாக விட்டால் படம் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடும். சத்தத்தை அணைத்துவிட்டுக் கலைமணி தானே முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை போட்டுப் பார்த்தாள். ஓர் இடத்தில்கூட ஒலி தேவைப்படவில்லை. புடவைக்கடையில் விடாமல் புரட்டி நல்ல சரக்கைப் பிடித்தவளைப் போலச் சந்தோஷப்பட்டாள்.

அபிநயா எழுத்து பழகினாள். பழம், காய், மிருகம், வண்டி எல்லாம் பழகினாள். பேசுவது மட்டும் காற்றோடு போகிற மாதிரி, கிசுகிசுப்பாக. அந்த வீட்டில் எல்லோருமே தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். அதனால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. தீவன மூட்டை தைக்க வரும் மாரக்காள்தான் ஒருநாள் கேட்டாள்.

"ஏங் கலை, உம்பட புள்ள வாயே தொறக்க மாட்டீங்குது? நாந் தும்முனா காதப் பொத்திக்குது!"

"அமைதியான புள்ளைங்க்கா."

"என்ற ஊட்ல நாலு இருக்குது. ஒண்ண இங்க உட்டு அமைதி பழக்கட்டுமா?"

கலைமணி சிரித்தாள். அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

நாமக்கல்லில் பெரிய பள்ளி ஒன்றின் வேன் பண்ணை முக்கு வரை வருகிறது. சீட்டுக்குக் கவுண்டரே ஆள் பிடித்துச் சொல்லிவிட்டார். அந்த வேன்தான் கலைமணியின் கனவாக இருந்தது. காலையில் ஏறினால் சாயங்காலம் வரை பிள்ளைக்கு ஷெட் கிடையாது. "அங்க போயி எவ்வளவு வேணாலுங் கத்திக்கலாஞ் சாமி," என்று தலைவாரும்போதெல்லாம் சொல்வாள். அபிநயா அதை நம்பாதவளைப் போலப் பார்ப்பாள்.

எல்.கே.ஜி. சேர்க்கை நாளில் மூவரும் போனபோது பள்ளிக்கூடக் கூடம் கல்யாண மண்டபம் போல நெரிந்தது. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பலகை. அதற்குக் கீழே மேஜை போட்டு ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். படம் போட்ட அட்டைகளையும் எழுத்து அட்டைகளையும் பரப்பிவிட்டு, ஆட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னடா செல்லம்?"

அபிநயா அட்டையை வாங்கி மேஜையில் வைத்து, விரலால் இழுத்துப்போய் 'ஆ'வின் மேல் விட்டாள். பிறகு நிமிர்ந்து, நட்சத்திரம் எங்கிருந்து விழும் என்று தேடினாள்.

"அட, சூப்பர்! வாயால சொல்லு பாக்கலாம்."

உதடு அசைந்தது. டீச்சருக்குக் கேட்கவில்லை.

"இன்னும் சத்தமா!"

பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போனது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தது. "சொல்லு சாமி, இங்க ஒண்ணும் ஆவாது," என்று கலைமணி முதுகைத் தடவினாள். தடவத் தடவப் பிள்ளையின் தோள் குறுகியது. வாழைப்பழம், லாரி, மயில் என்று அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றையும் சரியான எழுத்துக்கு இழுத்து விட்டாள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஒன்றையும் சொல்லவில்லை.

டீச்சர் அட்டைகளைச் சேர்த்து அடுக்கினார். "வீட்ல போன் நிறைய குடுப்பீங்களோ?"

"படிக்கற ஆப்பு மட்டுந்தாங்க மிஸ்."

"எல்லாரும் அதத்தாங்க சொல்றாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க. அடுத்த வருஷம் பேச வெச்சுக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த பிள்ளையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது: "ஆடு!" அந்த இழுப்பும் அந்தத் துள்ளலும் கிளியுடையவை. கலைமணிக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சிவபிரகாஷ் ஆரம்பித்தான். "நீதான புள்ள தேடித் தேடி அந்த ஆப்பப் போட்ட?"

"சத்தத்த ஆருங்க கொறைக்கச் சொன்னது?"

"கவுண்டர் சொன்னாரு."

கவுண்டரைக் கேட்டால் அவர் குஞ்சைக் காட்டுவார்.

வீடு வந்ததும் கலைமணி கிளியை மறுபடி இறக்கினாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மரவள்ளிக் காட்டைக் கடந்து, பண்ணையின் கூரை தகரத்துண்டு போலத் தெரிகிற தூரத்துக்கு நடந்தாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து சத்தத்தை முழுதாக ஏற்றினாள்.

"ஆடு! இப்ப நீ சொல்லு!" என்றது கிளி.

அபிநயா திடுக்கிட்டு அந்தத் தகரக் கூரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனின் பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, சத்தம் முழுதும் வடியும் வரை விடவில்லை. எந்தப் பொத்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"குஞ்சு செத்துரும்மா," என்றாள், காற்றோடு.

"இங்கிருந்து கேக்காது சாமி. பாரு, அம்மா சொல்றேன் பாரு," என்று கலைமணி எழுந்து நின்றாள். "ஆடு!" என்று கத்தினாள். "ஆடு! ஆடு!" பல வருஷத்துக்கு அப்புறம் கத்தியதில் தொண்டை கமறியது.

திரையில் கிளி ஓசையில்லாமல் இறக்கை தட்டி, ஒரு நட்சத்திரத்தைப் போட்டது. அபிநயா அதைப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினாள்.