அக்கா போட்ட ஏழு செக்கன் கணக்கு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரை என்னுடைய வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லித் தொடங்குவதற்கு உறவினர்கள் மன்னிக்க வேண்டும். பதினான்கு கைப்பிள்ளைகள் தூங்கும் கூரையின் மேல் கல் விழாது என்று எழுதிக் கொடுத்தவன் நான். உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் சித்தி பெற்ற ஒரே ஆள் என்று தோட்டம் என்னை நம்பியது. நானும் நம்பினேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், எங்கள் வீட்டின் மூத்தவராக அக்கா பிறந்தார். பௌதிகவியலைத் தமிழில் கற்பிக்க அங்கே ஆள் இல்லை. டியூஷன் வகுப்புகளில் கொடுக்கும் சிங்கள டியூட் தாள்களை இரவல் வாங்கி, ஓரங்களில் தமிழில் எழுதிப் படித்தார். வீசிய கல் போகும் பாதையைக் கணக்கிடும் எறியம் என்ற பாடத்தில் அவருக்குத் தனிப் பிரியம்.

"ஒரு கல்லுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்கடா. ஒருத்தன் நேரா நடந்துக்கிட்டே இருப்பான். மத்தவன் ஏறி எறங்குவான். ஒருத்தன் வேலையில மத்தவன் தலையிட மாட்டான்" என்பார்.

பால் வெட்டப் போன அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததும், பரீட்சையை விட்டுவிட்டு அக்கா பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அக்காவின் குறிப்புகளைப் படித்துத்தான் நான் சித்தி பெற்றேன். இதை ஊர் மறந்துவிட்டது. எனக்கும் அந்த மறதி வசதியாக இருந்தது.

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், வீதி வேலைக்காக மலை உச்சியில் கல் உடைக்க வந்தார்கள். சோதனை வெடியில், மேலே உள்ள சமதரையில், மிகத் தூரம் போன கல் நூற்று அறுபது மீற்றரில் விழுந்தது. பிளானின்படி பிள்ளைக் காம்பரா இருநூறு மீற்றரில் இருந்தது. நாற்பது மீற்றர் மிச்சம், பயமில்லை என்று நலன்புரிச் சங்கச் செயலாளராகிய நான் கையெழுத்திட்டேன்.

அக்கா அந்தக் கடிதத்தைப் படித்தார்.

"தம்பி, அந்தக் கல்லு நூத்தி அறுபதுல ஏன் நின்னுச்சு?"

"அதோட வேகம் அவ்வளவுதான்."

"இல்லடா. தரை வந்துச்சு, நின்னுச்சு. நம்ம காம்பரா அம்பது மீற்றர் கீழ கெடக்கு. இந்தப் பக்கம் வந்தா நூத்தி அறுபதுல தரை எங்கடா இருக்கு?"

பால்மாப் பெட்டி அட்டையில் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்து டிகிரியில் கிளம்பிச் சமதரையில் நூற்று அறுபது போக வேண்டுமென்றால் வேகம் செக்கனுக்கு நாற்பது மீற்றர். பிரித்தால் மேல்நோக்கி இருபத்தெட்டு, முன்னோக்கி இருபத்தெட்டு. புவியீர்ப்பு ஆர்முடுகல் பத்து. கல் நாற்பது மீற்றர் ஏறும். அதற்கு மூன்று செக்கனுக்குச் சற்றுக் குறைவு. இறங்கும்போது பள்ளத்தின் ஐம்பதும் சேர்ந்து தொண்ணூறு. அதற்கு நான்குக்குச் சற்று அதிகம். மொத்தம் ஏழு செக்கன். ஏழு செக்கனும் முன்னோக்கிய வேகம் குறைவதில்லை. ஏழை இருபத்தெட்டால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு. விட்ட தசமங்களைச் சேர்த்தால் இருநூறு. எங்கள் பிள்ளைகள் அந்தத் தசமங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தோட்ட ஆபீசில் துரைக்கும் வெடிக்குப் பொறுப்பான அதிகாரிக்கும் அக்கா இதைச் சிங்களத்தில் விளக்கினார். பேச்சைத் தமிழில் தருகிறேன். அதிகாரி சிரித்தார்.

"காத்து தடுக்கும் மிஸ்."

"தடுக்கட்டும் சேர், சந்தோஷம். காத்த நம்பி நான் பிள்ளைங்கள தூங்கப் போட மாட்டேன்."

"வெடிச்சத்தம் கேட்டதும் தூக்கிட்டு ஓடலாமே?"

"நேத்து ஓடிப் பாத்தேன். ஏழு செக்கன்ல ரெண்டு பிள்ளையத்தான் தூக்க முடிஞ்சிச்சு. மிச்சம் பன்னெண்டு பேர். அந்த ரெண்டு பேர் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க" என்று பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பை அவர் முன்னால் விரித்து வைத்தார்.

அதிகாரி இடாப்பைத் தொடவில்லை. துரை என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்றார். கதவோரம் நின்ற நான் கூரையை ஆராயத் தொடங்கினேன்.

"என் தம்பிதான் சேர். மேல உள்ள தரைய மட்டும் பாத்துட்டான்" என்றார் அக்கா. ஒரு முட்டாளை இதைவிட மரியாதையாக அறிமுகப்படுத்த முடியாது.

பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்கு மாறினார்கள். மூன்றாம் நாள் வெடியில் ஒரு கல், காலிக் காம்பராவின் தகரத்தைத் துளைத்துத் தொட்டில் ஒன்றை அறுத்துக்கொண்டு விழுந்தது. ஊரே பார்க்க ஓடியது. அக்கா போகவில்லை. "பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுற நேரம்டா" என்றார்.

கடைசி எட்டு மாதங்கள் நோயோடு கழிந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சேலைன் சொட்டுகளை எண்ணி, போத்தல் எத்தனை மணிக்கு முடியும் என்று தாதிக்கு முன்கூட்டியே சொல்வார். முறை வைத்துத் துணையிருந்த தோட்ட லயத்துப் பெண்களுக்கும், இரத்தம் கொடுத்த மாவனல்லை நண்பர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வாகனம் கொண்டுவந்த சிங்கள அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கணக்கைச் சரிபார்க்க, இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் பெண்ணொருத்தியிடம் இதைக் காட்டினேன். அந்தப் பதினான்கு பேரில் அவளும் ஒருத்தி. பென்சிலோடு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள்.

"மாமா, பள்ளத்துல விழுற கல்லுக்கு நாப்பத்தஞ்சு டிகிரி பிழைங்க. முப்பத்தெட்டுலதான் ஆகக் கூடுன தூரம், இன்னும் நாலு மீற்றர் போகும். இதுக்கு முழு மார்க்ஸ் தர மாட்டாங்க."