முகக்கவசத்துக்குள் மறைத்த ஈறுகள்

உங்களோடு முழங்காலிட்டு ஜெபிக்கிற நான், இத்தனை வருடம் மறைத்ததை இன்று சொல்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவர் மூலம் வந்தது. அவர் இறந்து ஒன்பது வருடம். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை, மேனாம்பேட்டில் வாடகை வீடு என்று எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் ஈறு வீங்கியது. பல் விளக்கினால் இரத்தம். சோறு மென்றாலும் இரத்தம். மாத்திரை வேலை செய்யவில்லை, என் கதை முடிந்தது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கொரட்டூரில் ஒரு பல் டாக்டரிடம் மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். "மிஷின் ரிப்பேர்மா" என்றார். நான் செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த ஆளை அதே நாற்காலியில் உட்கார வைத்தார். உண்மை பேசியதற்கு நல்ல மரியாதை!

இரத்தத்தைப் பார்க்கப் பயந்து பல் விளக்குவதையே விட்டேன். வாய் நாறியது. வெளியே போனால் முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டேன். திருவிருந்து ஞாயிறு ஒன்றில் மட்டும் கழற்றி, எல்லோரும் திராட்சரசம் குடிக்கும் ஒரே கிண்ணத்தில் நானும் உதடு வைத்தேன். எழுந்த பிறகுதான் நாக்கில் உப்புக் கரித்தது. என் இரத்தம். எனக்கு அடுத்துக் குடித்தவள் கர்ப்பிணிப் பெண். அன்றே செத்திருக்கலாம் என்று தோன்றியது. கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

ஐந்து மாதம். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது ஜெபிப்பேன். "என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, அந்தப் பிள்ளையை விட்டுவிடும்." பதிலே இல்லை. அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நான் மாதாமாதம் மாத்திரை வாங்கும் மையத்தில் செல்வி என்ற ஆலோசகர் இருக்கிறாள். ஒருநாள் என் பரிசோதனை முடிவைப் பார்த்து, "சூப்பர்க்கா, ரத்தத்துல கிருமி நல்லா அடங்கி கீது" என்றாள். பொய் சொல்லாதே என்று கத்தி, முகக்கவசத்தைப் பிடுங்கி வாயைக் காட்டினேன்.

"இன்னாக்கா, இத்தினி நாளா இத மூடிகினா இருந்தே?" என்று பதறி, அவளே என்னைப் பல் பிரிவுக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிந்த மட்டில் இதுதான். இரத்தத்தில் கிருமி அடங்கினாலும், ஈறுக்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தி முழுசாகச் சீராகாமல் இருக்கலாம். பல்லிடுக்கு அழுக்கோடு அது தாறுமாறாகச் சண்டை போடும்போது ஈறே புண்ணாகிவிடும். நான் விளக்காமல் விட்டது அதை இன்னும் மோசமாக்கியது. கிண்ணத்தில் உதடு வைத்ததையும் சொல்லிக் கேட்டேன்.

"அதனால யாருக்கும் வராதும்மா. அந்தப் பொண்ணுக்கும் கொழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது. இப்ப வாயத் தொறங்க."

அந்த நாற்காலியிலேயே விம்மி விம்மி அழுதேன்.

சிகிச்சையில் ஈறு ஆறிவிட்டது. மூன்று பல் போனது போனதுதான். நோயும் என்னோடுதான் இருக்கும். சில காலைகளில் இன்னமும் பயத்தோடு விழிக்கிறேன். ஆனாலும் கோவிலுக்கு வருகிறேன். போன மாதம் ஞானஸ்நானம் பெற்ற அந்தக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது என்னைப்போல் ஒளிந்து அழுதுகொண்டிருந்தால், ஜெபத்தை விடாதீர்கள். எழுந்து போய் டாக்டரிடம் காட்டவும் செய்யுங்கள். ஆண்டவர் எனக்குச் செல்வியை எப்போதோ அனுப்பிவிட்டார். நான்தான் மாதாமாதம் அவள் எதிரிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.