கம்ப்யூட்டர் காட்டியதை நான் மறைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றுபோயிருந்த மாதத்தில், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. கேரள எல்லையோரம், பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் இடையில் உள்ள சிற்றூர் எங்களுடையது. பிறர் தோட்டங்களில் பால்வெட்டுவது என் தொழில். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ரேஷன் கடை முதல் பஞ்சாயத்து ஆபீஸ் வரை எனக்கும் சேர்த்து என் மனைவிதான் பேசுவாள்.

அவளுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. சுண்ணாம்பு பட்டு வெந்தது என்று நினைத்தோம். ஆறவில்லை. நெய்யாற்றின்கரை டாக்டர் பார்த்துவிட்டு நகரத்துக்கு அனுப்பினார். அங்கே புற்று என்றார்கள். நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும்.

அவள் அழவில்லை. "நிங்களுக்க நாக்கை எடுத்தா ஒருத்தரும் அறியமாட்டினும். எனக்க நாக்கைப் போய் எடுக்கணுமாம்" என்று வார்டில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு, அதைச் செய்யப்போகும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் வரச்சொன்னார். எங்கள் பக்கத்தில் நோயின் கனத்தை நோயாளி காதில் போடுவதில்லை. வீட்டு ஆட்கள் கேட்டு, மனதில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அதனால் அவளை வார்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

ஸ்கேன் படங்களையும் அவளுடைய குரலையும் வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு எப்படி அசையும் என்று கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்தார்கள். தைக்கப்போகும் சதைக்கு மஞ்சள் நிறம். அது அசையவே இல்லை. மீதி நாக்கு மட்டும் எழும்பி, அண்ணத்தைத் தொடாமல் திரும்பி விழுந்தது. கஞ்சி போல ஒன்று, தலையைச் சாய்த்தபோது ஒரு பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கியது.

பிறகு, ஆபரேஷனுக்குப் பின் அவள் பேச்சு எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்கவைத்தார். ஒன்றிலிருந்து பத்து வரை அவள் எண்ணுகிறாள். குரல் அவளுடையதுதான். எண்கள் ஒன்றும் பிரியவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது.

இது ஏகதேசம்தான், கூடலாம் குறையலாம், பயிற்சி செய்தால் கொஞ்சம் தெளியும் என்று மலையாளத்தில் விளக்கினார். "நாளெ சேச்சியெயும் காணிக்கணம், சேட்டா" என்றார். தலையாட்டினேன். மறுநாள், அவளுக்கு இதையெல்லாம் காணப் பயம், நானே சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கையெழுத்து வாங்க வந்தபோது, பேச்சு மாறும் என்று டாக்டரம்மா அவளிடம் நேராகவே சொன்னார். அவர் போனதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"அவிய எல்லாருட்டயும் இப்படித்தான் சொல்லுவினும்," என்றேன். "கம்ப்யூட்டர்ல நான் கண்டேன். கஞ்சி நல்லா இறங்குது. பேச்சு பத்து நாள்ல பழையபடி ஆவும். நீ பேடிக்காண்டாம்."

அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் பேசியதே இல்லை. அவள் நம்பிவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வெளியே மணம் முடித்துக்கொண்டு போனவள். இரண்டு வருடமாக என் மனைவி அவளோடு பேசவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம் என் போனில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மைட்ட ஒருக்கா குடுங்க."

போனை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளினாள். "இப்ப வேண்டாம். பேசினா அழுதுருவேன். சுகமாயிட்டு நானே விளிப்பேன். நெஞ்சு ஆறுதது வரைக்கும் நாலு ஏச்சு ஏசிட்டு, பொறவு வான்னு சொல்லுவேன். அவளுக்க காரியம் எனக்க கையிலாக்கும்."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நோய் நீங்கியது. இன்றுவரை திரும்பவில்லை. கஞ்சி, திரையில் கண்டது போலவே, தலையைச் சாய்த்தால் இறங்கும். பேச்சும் திரையில் கேட்டது போலவே ஆனது.

இரண்டாம் மாதம் அவளே மகளைக் கூப்பிட்டாள். முகம் சிவக்க வெகுநேரம் பேசினாள். மகள் அங்கே, "அம்மா, ஒண்ணும் மனசிலாவல்ல" என்று அழுவது எனக்குக் கேட்டது. போன் என் கைக்கு வந்தது. "அப்பா, அம்மை என்ன சொல்லுது?"

"உன்ன வரச் சொல்லுதா மக்கா" என்றேன். ஏச்சுகளை எனக்குச் சொல்ல வரவில்லை.

மகள் வந்தாள். இப்போதும் வந்துபோகிறாள். பிறகு ஒருநாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என் மனைவியிடம் அதே கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி, உங்கள் வீட்டுக்காரர் முன்பே பார்த்ததுதானே என்று சொல்லிவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் என் மனைவி எதையோ கேட்டாள். எனக்குப் புரிய மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நிங்க அறிஞ்சிருந்தியளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பாறசாலை வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மகள் போனில் கூப்பிட்ட அந்தச் சாயங்காலம்தான், அவளிடம் தெளிவாகப் பேச என் மனைவிக்கு இருந்த கடைசி சாயங்காலம் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. உண்மையை அவளால் தாங்க முடியாது என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.