பொட்டு வைத்த பன்னிரண்டு மீட்டர்கள்

அந்தப் பன்னிரண்டு மீட்டர்களில் பதினொன்றை நான் சோதித்திருந்தேனா, அல்லது ஒன்றைக்கூடத் தொடவில்லையா? மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான், யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை என்று என் கணவர் சொல்கிறார். சரிதான். ஆனாலும் துணி மடிக்கும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அவருக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரகடத்தில் மின்சார மீட்டர் செய்யும் தொழிற்சாலையில், கடைசிக்கட்டச் சோதனை மேசையில் வேலை. பாப்பா பிறந்தபோது விட்ட வேலையைத் திரும்பக் கேட்டுச் சேர்ந்திருந்தேன். ஒப்பந்த வேலைதான். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதைப் பற்றி முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

நாங்கள் செய்த மீட்டர் நம் வீட்டு மீட்டரைப் போன்றதல்ல. ஐரோப்பாப் பக்கம் ஒரு நாட்டுக்குப் போவது. கால் மணிக்கு ஒருமுறை அந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று அதுவே மின்சார அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அதற்குள்ளே ஒரு சுவிட்ச் உண்டு. அலுவலகத்தில் இருந்தபடியே அந்த வீட்டின் இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம். காற்றாலை நன்றாகச் சுற்றும் நேரத்தில் வாஷிங் மெஷினைப் போடச் சொல்லும், காற்று குறைந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும், இன்னும் சில வருடங்களில் உலகம் முழுக்க இப்படித்தான் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். அந்த வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அந்த வருடத்து மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் மிஷின் ஒன்றை டாக்டர் வாங்கச் சொல்லியிருந்தார். அது கரண்டில் ஓடுவது. அதனால் என் மனதில் எப்போதும் ஒரு மின்வெட்டு அட்டவணை ஓடிக்கொண்டே இருந்தது. பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது வீட்டு உரிமையாளரின் மருமகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஆயுத பூஜை அன்று மதியத்தோடு வேலை முடிந்துவிடும். மேசைகளைத் துடைத்து, சீரியல் விளக்கு கட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் லைனில் பொட்டு வைப்பது என் பொறுப்பு. கடைசித் தட்டில் பன்னிரண்டு மீட்டர்கள் இருந்தன. மீட்டரின் முகப்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். அதில் கம்ப்யூட்டரோடு இணைந்த காந்தத்தை ஒட்டவைத்தால் மீட்டரோடு பேசலாம். ஒவ்வொன்றிலும் ஒட்டி, கடைசியாக உள்ளே இருக்கும் சுவிட்சை மூடிய நிலையில் வைத்து அனுப்ப வேண்டும். திறந்தபடி போனால், அதை மாட்டுகிற வீட்டில் விளக்கு எரியாது.

நான் ஆரம்பித்தேன். இல்லை, ஆரம்பிக்கப் போனேன். சூப்பர்வைசர் அறைக்கு எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அக்காதான். பாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, மிஷினை வைக்கலாம் என்றால் இப்போதுதான் கரண்ட் போனது என்றாள். அழுதேனா, கத்தினேனா தெரியாது. அவள் அதட்டினாள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? மெடிக்கல் ஷாப்புல இன்வெர்ட்டர் கீதில்ல. மிஷின தூக்கினு அங்க போறேன். நீ வேலைய முட்சிட்டு வா."

திரும்பி வந்தபோது எங்கள் பக்கமும் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அதற்கான யூபிஎஸ்ஸில் யாரோ சீரியல் விளக்கைச் செருகியிருந்தார்கள். சுமை தாங்காமல் அது நின்றுபோய், அந்தத் தட்டின் பதிவு சேமிக்கப்படாமலே போயிருந்தது. பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்து மேசைக்குப் பொட்டு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன். கை நிற்காமல் தட்டில் இருந்த பன்னிரண்டு மீட்டர்களுக்கும் வைத்தேன். அதுவும் அந்தக் கண்ணாடிக் கண்ணின் மேலேயே, நெற்றிக்கு வைப்பதைப் போல. பொட்டு வைத்த மிஷினை அடுத்த வேலைநாள்வரை யாரும் தொடக்கூடாது. பூசணிக்காய் உடைத்ததும் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மெடிக்கல் ஷாப் பெஞ்சில் பாப்பா முகமூடியோடு உட்கார்ந்து ஒரு கையில் பொரிப் பொட்டலத்தைப் பிடித்திருந்தாள். நெஞ்சு மேலும் கீழும் போவது குறைந்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கடைக்காரரிடம் பூஜைக்கு அவர் வாங்கிய வாழைக்கன்று சின்னது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியில் மீட்டர் எதுவும் ஞாபகத்தில் இல்லை.

விஜயதசமி விடுமுறை முடிந்து காலையில் போனால் மேசையில் வேறு தட்டு இருந்தது. பழையது எங்கே என்று பேக்கிங்கில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் ராமநாதபுரம் பக்கம். எனக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தாள்.

"பொட்டு வச்சிருந்துச்சேக்கா. முடிஞ்சதுக்குத்தான வப்பாகன்னு நெனச்சேன்."

அவளைக் குற்றம் சொல்ல வாயில்லை. சோதித்தேனா என்று யோசித்தேன். காந்தத்தை ஒட்டியது போலவும் இருந்தது. ஆனால் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறேன். எந்த நாளின் ஞாபகம் என்று எப்படிப் பிரிப்பது?

மூன்று மணிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். சொன்னால் அடுக்கியதை எல்லாம் இறக்க வேண்டும், நிரந்தர வேலையும் கேள்விக்குறியாகும். இடைவேளையில் கணவருக்குப் போன் செய்தேன். சுவிட்ச் திறந்திருந்தால் அங்கிருக்கும் அலுவலகமே மூடிவிடாதா, அதற்குத்தானே அந்த மீட்டர் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூடிவிடுவார்கள், யாராவது புகார் கொடுத்த பிறகு. மதியச் சாப்பாட்டின்போது அக்காவைக் கூப்பிட்டேன். பாப்பா தூங்குகிறாள், கரண்ட் இருக்கிறது, நீ சாப்பிடு என்றாள். டப்பாவைத் திறந்தேன். புது மீட்டர் மாட்டிய ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. அவளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு அக்கா இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

டப்பாவை மூடிவிட்டு சூப்பர்வைசரிடம் போனேன். அவர் உள்ளூர்க்காரர், சீக்கிரம் கோபம் வரும் என்று பெயர் எடுத்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"காலையிலயே சொல்லியிருந்தா ஒரு பெட்டி எறக்குனா போதும்மா. இப்ப நாப்பது எறக்கணும். சரி, வா."

அவரே சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் பெட்டியைத் தூக்கினார். நான் கன்டெய்னர் வாசலில் மன்னிப்புக் கேட்டபடியே நின்றேன். ஏற்றுகிறவர்களில் ஒருவர், மேடம் இனிமேல் எங்களுக்கும் பொட்டு வைத்துவிடுங்கள், வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

எந்தப் பெட்டி என்பதில் குழப்பம் இருக்கவில்லை. துடைத்த பிறகும் கண்ணாடிக் கண்ணைச் சுற்றியிருந்த பள்ளத்தில் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தோம். பதினொன்றில் சுவிட்ச் மூடியிருந்தது. ஒன்றில் திறந்திருந்தது.

பதினொன்றை முடித்து, பன்னிரண்டாவதில் போன் வந்து எழுந்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த சுவிட்சுகள் வாங்கி வரும்போதே பெரும்பாலும் மூடித்தான் வரும், ஒன்றிரண்டு திறந்து வரும் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அப்படியானால் நான் ஒன்றையும் தொடாமல் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும்.

சூப்பர்வைசர் அதையெல்லாம் கேட்கத் தயாராக இல்லை. அந்த ஒன்றை என் கையில் கொடுத்து, மூடு, அனுப்பு என்றார். கன்டெய்னர் மூன்றரைக்குக் கிளம்பியது. அது கேட்டைத் தாண்டியதும் காலையிலிருந்து குடிக்காத தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சில் குடித்தேன். தவறைச் சோதனை செய்தவரே கண்டுபிடித்துச் சொன்னார் என்று அவர் அறிக்கை எழுதியது, நிரந்தர வேலைக் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இப்போது பாப்பாவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. எட்டு மாதமாக மிஷின் அலமாரியில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கே மூச்சு லேசாகிறது. ஒரகடத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு அடுத்த மாதம் குடி போகிறோம். அங்கே நாங்கள் செய்வதைப் போன்ற மீட்டர்தான். மின்வெட்டில் ஜெனரேட்டருக்குச் சுமை கூடினால், அதுவே சில வீடுகளின் இணைப்பை மாற்றி மாற்றி நிறுத்துமாம். அதற்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால் நம் வீட்டைக் கடைசியில்தான் நிறுத்துவார்கள்.

ஆம் என்று எழுதினால், நன்றாக இருக்கும் பிள்ளையைச் சொல்லி இன்னொரு வீட்டின் முறையை நான் எடுத்துக்கொள்வதாகும். அந்த வீட்டில் உண்மையிலேயே படுக்கையில் ஒருவர் இருக்கலாம். இல்லை என்று எழுதினால், இந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் அலமாரியில் இருந்து அந்த மிஷினை எடுக்க வேண்டி வரலாம். படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். மூச்சு இழுத்து, பிறகு சரியான பிள்ளைகளை வளர்த்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். எத்தனை மாதம் கழித்து நீங்கள் பயத்தை விட்டீர்கள்? என் இடத்தில் இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.